ஒரு காலுக்கு ஒரு பல்

க்ரெய்க் லிண்ட்வால் நல்ல மனிதர். உட்கார்ந்த சிறிது நேரத்துக்குள் அதை அவரே மூன்று தடவை சொல்லிவிட்டார்.

துப்பறிவாளர் எம்மெட் ராஸ்க் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டசபைக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிற உணவகத்தின் காப்பி அது. பார்ப்பதற்கு மட்டுமே உகந்தது. மாநிலக் காப்பீட்டுத் துறையில் மோசடிகளைத் துருவிக்கொண்டிருந்த காலத்தில் இதே மேசைகளில் எத்தனையோ நல்ல மனிதர்களுக்கு எதிரே அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்களில் சிலர் பிறகு சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் மேல்சபைக்குப் போனார்கள்.

லிண்ட்வால் இன்னும் மேல்சபைக்குப் போகவில்லை. போன நவம்பரில்தான் முதல் முறையாகக் கீழ்ச்சபைக்கு ஜெயித்து வந்திருந்தார். புதியவர்களுக்குத் தனி அறை கிடையாது என்பதால் ராஸ்கின் இந்தப் புது வாடிக்கைக்காரர் உணவகத்தில் கடை விரித்திருந்தார்.

"ஒரே ஒரு வரி சார்," என்றார், குரலைத் தாழ்த்தி. "இன்சூரன்ஸ் கமிட்டி மசோதாவுல கடைசி நேரத்துல யாரோ நுழைச்சிருக்காங்க. யாருன்னு எனக்குப் பேர் வேணும். நாளைக்குக் காலையில சபை கூடுறதுக்குள்ள."

"என்ன மசோதா?" என்றாள் ராஸ்கின் உதவியாளர் டார்லா ஹிக்ஸ்.

"வருஷா வருஷம் வர்றதுதான் மேடம். வாஷிங்டன்ல மத்திய சட்டத்தை மாத்தினா, நம்ம மாநில ஹெல்த் இன்சூரன்ஸ் விதிகளையும் அதுக்கு ஒத்துப்போற மாதிரி திருத்தணும். தலைப்புலயே 'மத்திய சட்டத்துக்கு இசைவாக'ன்னு போட்டிருப்பாங்க. அதனால ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"நீங்க படிச்சிருக்கீங்க."

"நான் படிச்சேன்," என்று லிண்ட்வால் அடக்கமாக ஒத்துக்கொண்டார். "செயற்கைக் கால், கை தேய்ஞ்சு போனா இன்சூரன்ஸ் கம்பெனி புதுசா மாத்திக் குடுக்கணும்னு நம்ம மாநிலத்துல ஒரு விதி இருக்கு. மத்திய சட்டத்துல அப்படி ஒண்ணு இல்ல. அதனால ஒத்துப்போகணும்னு சொல்லி அந்த விதியையே எடுத்துட்டாங்க. ஜூலைலேர்ந்து முதல் கால் மட்டும்தான் கிடைக்கும். தேய்ஞ்சா அவங்கவங்க பாடு."

டார்லா மேசைக்கு அடியில் இடது காலை நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே அது பிளாஸ்டிக். அப்பாவின் பண்ணையில் தானியம் ஏற்றுகிற எந்திரம் அசலை எடுத்துக்கொண்டு வெகு காலமாகிவிட்டது. இப்போது போட்டிருந்த கால் விரிசல் கண்டு, குழாய்க்காரர்கள் ஒட்டுகிற வெள்ளி நாடாவைச் சுற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. புதுக் கால் ஆகஸ்டில் வருவதாக இருந்தது.

"அட," என்றாள் அவள். டார்லா ஒரே சொல்லோடு நிறுத்துவது அபூர்வம் என்பதால் ராஸ்க் காப்பியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நீங்களே எழுந்து சொல்லலாமே?" என்று கேட்டார்.

"சொல்லத்தான் போறேன். நாளைக்கு அது ஆட்சேபமில்லாப் பட்டியல்ல வருது. அந்தப் பட்டியல்ல இருக்கிறதுக்கெல்லாம் விவாதம் கிடையாது, மொத்தமா பாஸ். ஆனா ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து 'ஆட்சேபிக்கிறேன்'னு சொல்லிட்டா போதும். மசோதா பட்டியலை விட்டு வெளிய வந்துடும், திரும்ப உள்ள போகாது. அங்கயே விவாதம், அங்கயே திருத்தம். நான் எழுந்திருப்பேன் சார். ஆனா வெறும் வரியைத் திட்டினா பத்திரிகைக்காரன் எழுத மாட்டான். திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும். டிபார்ட்மென்ட்ல இருந்த உங்க கையால வந்த பேர்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கும்."

"யார் மேல சந்தேகம்?"

"கொரின் டெலனி. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக இங்க காரியம் பார்க்கிறவங்க. வேற யாரா இருக்க முடியும்? கமிட்டித் தலைவர் மெர்ல் ஓஸ்ட்பியைக் கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கல. நான் அந்தக் கமிட்டியிலயும் இல்ல. இந்தக் கூட்டத்தொடர்ல ஒரு மசோதா, ஒரு திருத்தம்னு எதுவும் கொண்டு வரல. புதுசு இல்லையா, காதை மட்டும் திறந்து வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு ஒரு தகர டப்பாவைத் திறந்து நீட்டினார். சூரியகாந்தி விதைகளைச் சர்க்கரைப் பாகில் போட்டு இறுக்கிய மிட்டாய். "எங்க தொகுதிச் சரக்கு. உலகத்துல வேற எங்கயும் இப்படி வராது."

டார்லா ஒரு துண்டைக் கடித்தாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இதை வச்சு வீடு கட்டலாம்," என்று சொல்லி, மீதியை ஒரு தாளில் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு விஷயம் மேடம்." லிண்ட்வால் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "நாளைக்கு நீங்க பார்வையாளர் மாடத்துல முன் வரிசையில உட்காருங்க. போட்டோகிராஃபர் வருவாங்க. முடிஞ்சா பாவாடை போட்டுட்டு வாங்க. பார்க்கிறவங்களுக்குப் புரியணும் இல்லையா."

ராஸ்க் மேசைக்கு அடியில் நீண்டிருந்த டார்லாவின் காலைப் பார்த்தார். நல்ல மனிதர்கள் ஏன் தன்னையும் டார்லாவையும் தேடி வருகிறார்கள் என்பதற்கு அங்கே விடை கிடைத்துவிட்டது.

"வெளிய பனி உறையற குளிர்," என்றாள் டார்லா. "பாவாடை போட்டா நிஜக் காலு விறைச்சுப் போயிடும். அதுக்கும் இன்சூரன்ஸ் இல்ல."

*

மாடிப்படியில் ஏறும்போது வெள்ளி நாடா ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் முனகியது. ராஸ்க் வேகத்தைக் குறைத்துக்கொண்டார், குறைத்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல பாஸ்," என்றாள் டார்லா. "மத்திய சட்டம்னா அது தரை. அதுக்குக் கீழ யாரும் பள்ளம் தோண்டக் கூடாது, அவ்வளவுதான். மேல எத்தனை மாடி கட்டினாலும் வாஷிங்டன் ஒண்ணும் சொல்லாது. இவங்க என்னடான்னா, தரையோட சமமா இருக்கணும்னு மாடியை இடிக்கிறாங்க."

ராஸ்க் இன்னொரு படி ஏறினார்.

"ஏதாவது சொல்லுங்களேன்."

"சரியாத்தான் சொல்ற."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

கொரின் டெலனி கீழ்ச்சபையின் வெளிக் கூடத்தில், வழக்கமான பளிங்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உறுப்பினர் அல்லாதவர்கள் சபைக்குள் கால் வைக்கக்கூடாது. அதனால் காப்பீட்டு நிறுவனங்கள் அவளுக்குக் கொடுத்த சம்பளமெல்லாம் இந்தப் பெஞ்சைத் தேய்ப்பதற்குத்தான் பயன்பட்டது. உறுப்பினர்கள் உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்து அவளிடம் குனிந்துவிட்டுப் போனார்கள்.

"என்ன ராஸ்க், இன்னும் உயிரோடதான் இருக்கியா," என்றாள்.

"அந்தக் கால் வரி," என்றார் ராஸ்க்.

அவள் சிரித்தாள். "நான் வச்சேன்னு நினைச்சியா? என் வாடிக்கைக்காரங்களுக்கு ஒரு காலுங்கிறது சில்லறை. மாநிலம் பூரா எண்ணினாலும் அவங்க கிறிஸ்துமஸ் பார்ட்டி செலவு ஆகாது. அதுக்காக ஒரு வரியை எழுதி என் பேரைக் கெடுத்துப்பேனா? பெரிசா எடுக்கிறதா இருந்தா பிரசவத்தை எடுப்பேன், இதயத்தை எடுப்பேன். நீ கண்டுபிடிக்கவும் மாட்ட."

"நல்லவங்கதான்," என்றாள் டார்லா. "மனசு நிறைஞ்சு போச்சு."

"வரியைப் பார்த்தீங்களா?" என்றார் ராஸ்க்.

"கமிட்டியில போட்ட அன்னைக்கே பார்த்தேன். சும்மா கிடைக்கிற பரிசை வேண்டாம்னு சொல்றது என் வேலை இல்ல." பிறகு அவரைக் கூர்ந்து பார்த்தாள். "உன்னை அனுப்பினது லிண்ட்வாலா?"

ராஸ்க் மௌனமாக நின்றார். மௌனத்தைத் தாங்குவது எல்லோருக்கும் ஆகிற காரியமல்ல. எதையாவது போட்டு நிரப்பிவிடுவார்கள். டெலனி போன்றவர்கள்கூட.

"காப்பீட்டு ஆணையர் தேர்தல்ல நிக்கப் போறானாமே," என்றாள் அவள். "போன மாசமே என் கம்பெனிகள்கிட்ட நன்கொடை கேட்டு ஆள் அனுப்பிச்சான். இன்னைக்கு என்னைப் பிடிச்சுத் தர ஆள் அனுப்பியிருக்கான். சுறுசுறுப்பான பையன்தான். போய் மெர்லைக் கேளு. ஆனா அவன் பேசுவான்னு எதிர்பார்க்காத. ஒரு வாரமா பல் இல்லாம கஞ்சி குடிச்சிட்டிருக்கான்."

*

கமிட்டித் தலைவர் மெர்ல் ஓஸ்ட்பி கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார். தக்காளிச் சூப் என்று அதற்குப் பெயர். மோவாயிலும் கொஞ்சம் இருந்தது. மாடுகளை மேய்த்து வளர்ந்தவர். நாற்பது வருடமாக இந்தச் சபையில் இருக்கிறார். இரண்டு வேலைக்கும் இடையே பெரிய வித்தியாசத்தை அவர் கண்டதாகத் தெரியவில்லை.

முன் பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

"அந்த வரியா?" என்றார், காற்று சீறும் குரலில். "மத்திய சட்டத்துக்கு ஒத்துப்போகுது."

"மத்திய சட்டம் அப்படிக் கேக்கலையே," என்றார் ராஸ்க்.

"அப்படியா?" ஓஸ்ட்பி ஒரு கரண்டி சூப்பை உள்ளே அனுப்பினார். அதோடு அந்த விஷயம் அவருக்கு முடிந்துவிட்டது.

"யார் கேட்டு வச்சீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன் தம்பி. திருத்தம் கேட்டவன் பேர் கமிட்டி ரூமை விட்டு வெளிய போகாது. 'ஒரு உறுப்பினர் கேட்டுக்கொண்டபடி'ன்னு சொல்லி நான்தான் முன்மொழிவேன். அது மரியாதை. என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன்."

டார்லா சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் சட்டப் புத்தகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் தேன் புட்டிகள், ஆப்பிள் ஜாம், காய்ந்த மான் கறிப் பொட்டலங்கள்.

"சாப்பாட்டுக் கடை நடத்தறீங்களா?"

ஓஸ்ட்பியின் முகத்தில் முதல் முறையாக ஒரு பெருமை வந்தது. "அது என் கமிட்டியோட விதி பொண்ணே. புதுசா வந்தவன் முதல் தடவை சட்டத்துல கை வைக்கணும்னா, முதல்ல கமிட்டிக்கு வயித்தை நிரப்பணும். அவன் தொகுதியில விளைஞ்சதா இருக்கணும். கடையில வாங்கின கேக்கைக் கொண்டு வந்தான்னா திருத்தம் கிடப்புல. பழைய ஆளுங்களுக்கு இந்தத் தொந்தரவு இல்ல."

"திருத்தத்தைப் படிப்பீங்களா, மிட்டாயைப் படிப்பீங்களா?"

"ரெண்டையும் ருசி பார்ப்போம்," என்றார் ஓஸ்ட்பி. நகைச்சுவை என்று அவரே சிரித்தார். ஜன்னல் வழியாகச் சூப் கொஞ்சம் வெளியேறியது.

ராஸ்க் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பாடம் செய்து மாட்டிய எருமைத் தலை ஒன்று மேலேயிருந்து மூவரையும் பார்த்தது. இந்த அறையில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது அது ஒன்றுதான் என்று ராஸ்குக்குத் தோன்றியது. எதைத் தின்றோம் என்பது இவர்களுக்கு ஞாபகமிருக்கிறது. எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது ஞாபகமில்லை. இப்படிப்பட்டவர்கள் டார்லாவின் காலைப் பறித்ததில் கெட்ட எண்ணம்கூடக் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்தால் கொஞ்சம் மதிக்கலாம்.

"பல் எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

ஓஸ்ட்பி கரண்டியைக் கீழே வைத்தார். "குதிரை உதைச்சது."

"குதிரையா," என்றாள் டார்லா அனுதாபத்தோடு. "பாவம். வாய்க்கு இனிப்பா ஏதாவது போட்டுக்குங்க." கோட்டுப் பையிலிருந்த தாளைப் பிரித்துச் சூரியகாந்தி மிட்டாயை மேசைமேல் வைத்தாள்.

ஓஸ்ட்பி நாற்காலியோடு பின்னால் போனார். வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் தெளித்த பூனை மாதிரி இருந்தது அவர் முகம்.

"எடு அதை. மேசையை விட்டு எடு முதல்ல."

"குதிரை இதைத்தான் தின்னுட்டு வந்து உதைச்சுதா?"

"வெளிய போங்க," என்றார் ஓஸ்ட்பி, விரல்களுக்கு நடுவே.

ராஸ்க் தொப்பியை எடுத்துக்கொண்டார். "நன்றி சார். நீங்க யார் பேரையும் சொல்லல. கமிட்டி மரியாதை அப்படியே இருக்கு."

*

கார் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டார்லா செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவிழ்ந்த நாடாவை இழுத்து ஒட்டினாள்.

"ஒரு மசோதா, ஒரு திருத்தம் கொண்டு வரலன்னான்," என்றாள். "காதை மட்டும் திறந்து வச்சிருக்கேன்னான். அப்புறம் எதுக்குடா கமிட்டிக்கு மிட்டாய்? வரியை வச்சதே நம்ம வாடிக்கைக்காரன்தான்."

"ஆமா."

"தானே குழியை வெட்டி, தானே என்னைத் தூக்கி விடறதுக்கா? பாவாடையோட?"

"பக்கத்துல ஒரு போட்டோகிராஃபரும் வேணும்," என்றார் ராஸ்க். "கால் இழந்தவங்களைக் காப்பாத்தினவன்னு ஒரு படம் வந்தா ஆணையர் தேர்தல்ல பாதி ஜெயிச்ச மாதிரி. வில்லிக்கு டெலனி. அவங்க இல்லைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. என் பேர் சாட்சிக்கு. எல்லாம் சரியாத்தான் யோசிச்சிருக்கான். ஓஸ்ட்பியோட பல்லைத்தான் யோசிக்கல."

"நேரா பத்திரிகைக்குப் போலாம் பாஸ். இப்பவே."

ராஸ்க் பதில் சொல்ல நேரமெடுத்துக்கொண்டார். டார்லா இந்த மௌனங்களுக்குப் பழகியவள். ஆனால் இந்த மௌனம் அவளைப் பற்றியது என்பதால் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"போனா, நாளைக்கு அவன் வாயைத் திறக்க மாட்டான்," என்றார் கடைசியில். "பேசாம உட்கார்ந்திருப்பான். மசோதா பாஸாயிடும்."

"வேற யாராவது எழுந்திருக்க மாட்டாங்களா? அத்தனை பேர் இருக்காங்களே."

"ஓஸ்ட்பி கொண்டு வர்ற மசோதாவுக்கு ஆட்சேபம் சொன்னா, சொன்னவனோட மசோதா ஓஸ்ட்பி கமிட்டியில செத்துப் போகும். எல்லார்கிட்டயும் ஏதாவது ஒண்ணு இருக்கு. லிண்ட்வால் ஒருத்தன்கிட்டதான் சாகறதுக்கு மசோதாவே இல்ல."

டார்லா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் பாதத்திலிருந்து மேலேறி ஆறு மாதமாகிறது. இன்னொரு குளிர்காலத்தை அது தாண்டாது. தாண்டாவிட்டால் ஊன்றுகோல், ஊன்றுகோலோடு துப்பறிகிற வேலை கிடையாது.

"அப்ப அந்தப் பய எழுந்தாதான் எனக்குக் கால்," என்றாள். "சரி. ஜெயிச்சுத் தொலையட்டும். ஆணையரா ஆகட்டும், கவர்னரா ஆகட்டும். எனக்கு நடக்கணும் பாஸ்."

"அவன்கிட்டேர்ந்து நமக்கு ஒரு வார்த்தைதான் வேணும்," என்றார் ராஸ்க். "அது வெளிய வந்துட்டா திரும்ப உள்ள போகாது. அதுக்கப்புறம் அவன் நமக்கு வேண்டாம்."

டார்லா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அந்த மிட்டாய் வேற எங்க கிடைக்கும்?" என்று கேட்டார் ராஸ்க்.

"ஹைவேல அவன் தொகுதிக்குப் போற வழியில எல்லா பெட்ரோல் பங்க்லயும் வச்சிருப்பாங்க. யாரும் வாங்கறதில்ல."

"இன்னைக்கு நாம வாங்கறோம். கீழ்ச்சபை வாயிற்காவலர் ஒருத்தர் உன்கூட பௌலிங் பந்து உருட்டுவாரே?"

"வால்ட். எனக்கு ஒரு பீர் பாக்கி வச்சிருக்கார்."

ராஸ்க் தொலைபேசியை எடுத்து வாடிக்கைக்காரரை அழைத்தார். "பேர் கிடைச்சிருச்சு மிஸ்டர் லிண்ட்வால். சந்தேகமே இல்ல. கவர்ல போட்டு வைக்கிறேன். நாளைக்கு நீங்க ஆட்சேபம் சொன்ன உடனே வாயிற்காவலர் கொண்டு வந்து குடுப்பார். அதுக்கு முன்னால வெளிய விட மாட்டேன், கசிஞ்சுடும்."

"டெலனிதானே?" என்றது மறுமுனை ஆசையாக.

"கவரைத் திறந்தா தெரியும்," என்றார் ராஸ்க்.

*

வியாழக்கிழமை காலை லிண்ட்வால் சிவப்பு டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாடத்தின் முன் வரிசையில் டார்லா உட்கார்ந்திருந்தாள், தடித்த கம்பளிக் கால்சட்டையில். லிண்ட்வால் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் ஒரு சிறிய ஏமாற்றம் ஓடியது. பக்கத்தில் ராஸ்க். கீழே கதவருகே வால்ட், துணி போர்த்திய ஒரு தள்ளுவண்டியோடு. கொரின் டெலனி கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்சேபமில்லாப் பட்டியலைச் செயலர் தூக்கத்தில் பேசுகிறவர் போலப் படித்துக்கொண்டு போனார். உறுப்பினர்களில் சிலர் கைபேசியைத் தடவினார்கள். ஒருவர் நகம் வெட்டிக்கொண்டார். காப்பீட்டு மசோதாவின் எண் வந்ததும், அதைக் கொண்டு வந்தவர் என்ற முறையில் ஓஸ்ட்பி முன்னால் இருந்த ஒலிவாங்கிக்கு நடந்து போனார். புதுப் பல் பொருத்தியிருந்தது. அதை நாக்கால் தடவிக்கொண்டே நின்றார்.

"ஆட்சேபம் உண்டா?" என்று சபாநாயகர் வழக்கம்போலக் கேட்டார். கேட்ட கையோடு அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

டார்லா பிளாஸ்டிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்சேபிக்கிறேன்," என்றார் லிண்ட்வால், எழுந்து நின்று.

சுத்தியல் ஒரு தடவை தட்டியது. மசோதா பட்டியலிலிருந்து நீங்கியதாகவும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவதாகவும் சபாநாயகர் அறிவித்தார். சொன்ன சொல் சபைக் குறிப்பில் ஏறிவிட்டது.

ராஸ்க் தொப்பியை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார். வால்ட் வண்டியின் துணியை விலக்கினார்.

"கனம் சபாநாயகர் அவர்களே," என்று லிண்ட்வால் தொடங்கினார். குரல் ஏற்கனவே கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த குரல். "இந்த மசோதாவுக்குள்ளே ஒரு கோழை ஒளிந்திருக்கிறான். காலை இழந்தவர்களின் காலை மறுபடியும் வெட்ட, மத்திய சட்டத்தின் பெயரைத் திருடிய ஒரு கோழை. அந்தப் பெயரை இந்தச் சபை கேட்க வேண்டும்."

வால்ட் அவரிடம் கவரைக் கொடுத்தார். லிண்ட்வால் அதை எல்லோரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். போட்டோகிராஃபர் முழங்காலிட்டார். கவர் பிரிந்தது.

உள்ளே சூரியகாந்தி மிட்டாய் ஒரு துண்டு இருந்தது.

அதற்குள் வாயிற்காவலர்கள் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு: 'உறுப்பினர் லிண்ட்வாலின் தொகுதியிலிருந்து.' அதில் பொய் ஒன்றும் இல்லை. தின்பதற்கு ஏதாவது வந்தால் யார், என்ன என்று கேட்பது அந்தச் சபையின் வழக்கமல்ல. பொட்டலங்கள் பிரிந்தன.

ஒலிவாங்கியின் முன் நின்ற ஓஸ்ட்பியிடமும் ஒன்று வந்து சேர்ந்தது. அவர் குனிந்து சீட்டிலிருந்த பெயரைப் படித்தார். புதுப் பல்லை உதட்டால் மூடிக்கொண்டார்.

"இன்னும் எத்தன பல்லுய்யா வேணும் உனக்கு?" என்றார். ஒலிவாங்கி அதைச் சபை முழுக்கக் கொண்டு போனது. "அந்தத் திருத்தத்துக்குத்தான் ஒரு பல்லு ஏற்கனவே குடுத்துட்டேனே."

சிரிப்பு எழுந்தது. பின் வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: "எந்தத் திருத்தம், மெர்ல்?"

"இதோ, இப்ப எவனோ கோழைன்னு சொல்லிட்டிருக்கானே," என்றார் ஓஸ்ட்பி எரிச்சலோடு. "அதுதான்."

சிரிப்பு நின்றது. ராஸ்க் வாழ்க்கையில் பல மௌனங்களைக் கேட்டிருக்கிறார். இவ்வளவு நல்ல மௌனத்தைக் கேட்டதில்லை. லிண்ட்வால் கையில் மிட்டாயோடு, வாய் பாதி திறந்தபடி நின்றார். அந்த வாயிலிருந்து அன்று மேற்கொண்டு எதுவும் வரவில்லை. போட்டோகிராஃபர் மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

வரியை நீக்கச் சொல்லி மூன்று பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். அதன் பக்கத்தில் நின்றதாக யாரும் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. குரல் வாக்கெடுப்பில் 'ஆம்' என்ற சத்தம் கூரையை முட்டியது. மசோதாவை முதலில் படிக்காதவர்கள் இப்போதும் படிக்கவில்லை என்பதை ராஸ்க் கவனித்தார். கமிட்டியில் அன்றைக்கு எவ்வளவு உற்சாகமாக டார்லாவின் காலை எடுத்தார்களோ, அதே உற்சாகத்தோடு திருப்பித் தந்தார்கள். இடையில் நிறைய பேர் மென்றுகொண்டிருந்தார்கள்.

வெளிக் கூடத்தில் டெலனி தன் பெஞ்சுக்குத் திரும்பியிருந்தாள். லிண்ட்வால் அவளைத் தாண்டி வேகமாகப் போனார்.

"நன்கொடை விஷயமா பேசணும்னீங்களே," என்று அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் நிற்கவில்லை.

ராஸ்கும் டார்லாவும் படிக்கட்டை அடைந்தபோது போட்டோகிராஃபர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மேடம், ஒரே ஒரு படம். கால் தெரியற மாதிரி."

டார்லா நின்றாள். வெள்ளி நாடா முனகியது. அவள் ராஸ்கைப் பார்த்தாள். அவர் வாயோரம் லேசாக அசைந்தது.

"இது பழசு," என்றாள் டார்லா. "ஆகஸ்ட்ல வாங்க. புதுசு வந்துடும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். ராஸ்க் பக்கத்தில் ஒவ்வொரு படியாக இறங்கினார்.